நூற்றில் ஒன்றுக்கும் குறைவு

ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்து ரிப்போட் கைக்கு வந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் தேடுவது ஹீமோகுளோபின் எண்ணைத்தான். கொழுந்து பறிக்கிற அம்மாமார் பலருக்கு அது குறைவாகவே இருக்கும். டெங்குக் காலம் என்றால் பிளேட்லட் எண்ணையும் பார்ப்போம். அத்தோடு தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவோம்.

நடுவில் ஐந்து வரி இருக்கும். நியூட்ரோபில், லிம்போசைட், மொனோசைட், இயோசினோபில், பேசோபில். ஐந்தும் வெள்ளையணுக்கள். சுகமாக இருக்கிற ஒருவரின் ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு சொட்டிலும் மிகச் சிறிய பங்கில், ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருக்கும். அதில் நூறை எடுத்து எண்ணினால் பாதிக்கு மேல் நியூட்ரோபில்தான். இருபதிலிருந்து நாற்பது வரை லிம்போசைட். மொனோசைட் பத்துக்குள். இயோசினோபில் ஒன்றிலிருந்து ஆறு. கடைசி வரியில் நிற்கிற பேசோபில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பல ரிப்போட்டுகளில் அந்த இடத்தில் வெறும் பூச்சியம்தான் இருக்கும்.

நாங்கள் இங்கே எழுதப்போவது அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் பற்றி. நமுனுகுல மலையைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு அந்த இரண்டு வரியும் வெறும் எண் இல்லை. ஏன் என்று சொல்கிறோம்.

பெரியம்மா கேட்ட கேள்வி

மலையகத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு "குளவிக் கொட்டுக்கு இலக்காகி" என்று தொடங்குகிற தலைப்பு புதிதில்லை. பத்துப் பேர் வைத்தியசாலையில், பதினைந்து பேர் வைத்தியசாலையில், சில நேரம் ஒரு உயிர் போயிற்று என்று வரும். தோட்டத்தின் பேர் மட்டும் மாறும். நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி என்று தேயிலை இருக்கிற இடமெல்லாம் இதே கதைதான்.

எங்கள் பேச்சில் குளவி என்றால் இரண்டும் அதில் அடக்கம். தேயிலைச் செடிக்குள்ளும் மரக்கிளையிலும் கூடு கட்டுகிற உண்மையான குளவி, சிங்களத்தில் 'தெபரா'. உயர்ந்த மரத்திலும் பாறை விளிம்பிலும் பெரிய அடையாகத் தொங்குகிற மலைத்தேனீ, சிங்களத்தில் 'பம்பரா'. நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறபோது கை போகிற இடத்தில் கூடு இருந்தால் தெரியாது. கழுகோ காற்றோ அடையைக் கலைத்தாலும் கொட்டு வாங்குவது கீழே நிற்கிறவர்கள்தான். துப்புரவு செய்யாமல் காடு மண்டிக் கிடக்கிற மலைகளில் இது கூடிவிட்டது என்று அம்மாமார் பேசிக்கொள்கிறார்கள்.

எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒரு வருசம் அவருக்கு மூன்று குளவி கொட்டியது. கை வீங்கியது, சுண்ணாம்பு தடவினார், அடுத்த நாள் பேருக்குப் போய்விட்டார். அடுத்த வருசம் கழுத்தில் ஒன்றே ஒன்று. கூடையை இறக்கி வைக்கும் முன்பே உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. "கண்ணு இருட்டுதுடி புள்ள" என்று சொன்னவர் அப்படியே செடி மேல் சாய்ந்துவிட்டார். படங்கை விரித்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கொழுந்து லொறி வரும் வரை காத்திருந்தார்கள். இறங்குகிற வழியில் ஓரிடத்தில் பிரிட்டன் மாத்திரை இரண்டு கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்கள். அங்கே போனதும் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். பெரியம்மா பிழைத்துவிட்டார்.

பிறகு வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது எங்களிடம் கேட்டார்: "போன தடவ மூணு கொட்டுச்சு, ஒண்ணும் ஆகல. இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் போயி உசுரே போகப் பாத்துச்சே, அது ஏன் புள்ள?"

ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். விசக் குளவி என்றார்கள், வயசாகிப்போச்சு என்றார்கள், வெறும் வயிற்றோடு மலைக்குப் போனதால் என்றார்கள். உண்மையான பதில் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

சாயம் போட்டுக் கண்டுபிடித்தவை

1870-களில் ஜெர்மனியில் பவுல் ஏர்லிக் என்றொரு மருத்துவ மாணவர் இருந்தார். துணிக்குப் போடுகிற புதிய செயற்கைச் சாயங்களை எடுத்து உடம்பின் கலங்களுக்குப் போட்டுப் பார்ப்பதே அவருக்கு வேலை. எந்தக் கலம் எந்தச் சாயத்தைப் பிடிக்கிறது என்பதை வைத்து அவற்றை வகை பிரித்தார். இயோசின் என்ற இளஞ்சிவப்பு அமிலச் சாயத்தைப் பிடித்துக்கொண்டது இயோசினோபில். காரச் சாயத்தை, எங்கள் பாடப்புத்தகச் சொல்லில் மூலச் சாயத்தை, பிடித்துக் கருநீலமானது பேசோபில். 1879-இல் இவற்றை அவர் விவரித்தபோது சாயம் பிடித்தவை அந்தக் கலங்களுக்குள் இருந்த மணிகள். மணிகளுக்குள் என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

பேசோபிலுக்கு ஒரு நெருங்கிய சொந்தமும் உண்டு, மாஸ்ட் செல். அதையும் 1878-இல் பேர் வைத்து விவரித்தவர் ஏர்லிக்தான். மாஸ்ட் செல் இரத்தத்தில் ஓடாது. தோலுக்கு அடியில், மூச்சுக்குழாய் ஓரத்தில், குடல் சுவரில், இரத்தக் குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கும். பேசோபில் இரத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டின் மணிகளுக்குள்ளும் இருக்கிற முக்கியமான சரக்கு ஒன்றுதான், ஹிஸ்டமின்.

பெரியம்மா கேட்ட கேள்வியை அவருக்கு நூறு வருசத்துக்கும் முன்பே பிரான்சில் இருவர் எதிர்கொண்டார்கள். சார்ல் ரிஷே, போல் போர்த்தியே. 1901, 1902-இல் கடல் அனிமனி என்ற உயிரின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அவற்றுக்கு நஞ்சைத் தாங்கும் சக்தி வரவைக்கப் பார்த்தார்கள். நடந்தது நேர் எதிர். முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் அதற்கு அனபிலாக்சிஸ் என்று பேர் வைத்தார்கள். 1913-இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நஞ்சின் அளவு இதில் முக்கியமில்லை. உடம்பு அதை முன்பே சந்தித்திருக்கிறதா, சந்தித்தபோது எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதுதான் முக்கியம்.

அந்த நினைவு எதில் இருக்கிறது என்பது 1966, 1967-இல்தான் பிடிபட்டது. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியும், சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் என்ற இருவரும் தனித்தனியாக ஒரே எதிர்ப்புப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஐ.ஜி.இ. இரத்தத்தில் இருக்கிற ஐந்து வகை எதிர்ப்புப் புரதங்களில் மிகமிகக் குறைவாக இருப்பது இதுவே. ஆகக் குறைந்த புரதமும் ஆகக் குறைந்த வெள்ளையணுவும் சேர்ந்து செய்கிற வேலை இது.

முதல் கொட்டில் பெரியம்மாவின் உடம்பு அந்த நஞ்சுக்கு எதிராக ஐ.ஜி.இ. தயாரித்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை, சிலருக்கு நடக்கும். அது இரத்தத்தில் அலையாமல் பேசோபில் மீதும் மாஸ்ட் செல் மீதும் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள அந்தக் கலங்களின் மேற்பரப்பில் பிரத்தியேகமான கொக்கிகள் இருக்கின்றன. முதல் கொட்டின் வீக்கம் வடிந்துவிட்டது, பெரியம்மா மறந்துவிட்டார். கலங்கள் மறக்கவில்லை.

அடுத்த வருசம் அதே நஞ்சு உள்ளே வந்ததும், ஒட்டிக்கொண்டிருக்கிற ஐ.ஜி.இ. புரதங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றை அது ஒன்றாகப் பிணைக்கிறது. அதுதான் சமிக்ஞை. சில நிமிடங்களுக்குள் மணிகள் வெடித்து ஹிஸ்டமின் வெளியே கொட்டுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து ஒழுகத் தொடங்குகின்றன. அதனால்தான் தடிப்பு, வீக்கம். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அப்படி ஒழுகினால் இரத்த அழுத்தம் சரிகிறது, கண் இருட்டுகிறது. மூச்சுக்குழாய் சுருங்குகிறது. தொண்டை வீங்கினால் காற்றுப் போக வழியில்லை.

அனபிலாக்சிஸில் பெரிய பங்கு மாஸ்ட் செல்லுக்குத்தான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பேசோபிலை இரத்தத்தில் அலைகிற ஒரு சின்னப் பிரதி என்றே பலர் நினைத்தார்கள். ஸ்லொவேனியாவில் குளவி, தேனீ கொட்டி அனபிலாக்சிஸோடு வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. அந்த நேரத்தில் அவர்களின் இரத்தத்தில் பேசோபில் வழக்கத்தைவிடக் குறைந்து போயிருந்தது. இரத்தத்தை விட்டு வேறெங்கோ அவை கிளம்பிப் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இப்படி ஒரு ஏற்பாடு உடம்பில் எதற்கு?

கொல்லக்கூடிய ஒன்றை உடம்பு ஏன் வைத்திருக்கிறது? பெரியம்மாவுக்குப் பதில் சொல்லப் போய் எங்களுக்கே வந்த கேள்வி இது.

மாடு வளர்க்கிற வீடுகளில் உண்ணி தெரியாதவர்கள் இல்லை. 1939-இல் வில்லியம் டிரேகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கினிப் பன்றிகளில் உண்ணியைக் கடிக்கவிட்டுப் பார்த்தார். முதல் தடவை உண்ணி வயிறு முட்ட இரத்தம் குடித்தது. அடுத்தடுத்த தடவை அதே விலங்கில் ஏறிய உண்ணிகளால் அப்படிக் குடிக்க முடியவில்லை. பிற்பாடு அந்தக் கடிவாயைப் பார்த்தபோது பேசோபில்கள் அங்கே கூட்டமாகக் குவிந்திருந்தன. 2010-இல் டோக்கியோவில் கரசுயாமாவின் ஆய்வுக்குழு எலிகளில் பேசோபில்களை மட்டும் நீக்கிப் பார்த்தது. உண்ணியை எதிர்க்கிற சக்தி அதோடு போய்விட்டது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான அணு இல்லாமல் அந்தக் காவல் நடக்கவே இல்லை.

2013-இல் இன்னும் நேரடியான பதில் வந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலும் யேல் பல்கலைக்கழகத்திலும் இரண்டு குழுக்கள் எலிகளுக்குத் தேனீ நஞ்சைக் கொடுத்து ஆராய்ந்தன. முதலில் சிறிய அளவு பெற்ற எலிகள் பின்னர் பெரிய அளவைத் தாங்கின. ஐ.ஜி.இ. உண்டாக்க முடியாத எலிகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. மாஸ்ட் செல்லின் மணிகளில் நஞ்சை வெட்டிச் சிதைக்கிற நொதிகளும் உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆக, அலர்ஜி என்பது உடம்பின் பலவீனம் இல்லை. "ஒனக்குச் சத்து இல்ல, அதான் தாங்கல" என்று பெரியம்மாவிடம் சொன்னவர்கள் தலைகீழாகச் சொன்னார்கள். அந்த உடம்பில் காவல் இருந்தது. அது தேவைக்கு மேல், ஒரே நேரத்தில், எல்லா இடத்திலும் எழுந்துவிட்டது.

வெறுங்காலில் ஏறிய புழு

இயோசினோபிலின் கதை எங்கள் தாத்தாமார் காலத்துக்குப் போகிறது.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இந்த மலைகளுக்கு வந்தவர்களில் பலரிடம் கொக்கிப்புழு இருந்தது. மலக்கூடம் இல்லாத லயங்களில், ஈர மண்ணில், வெறுங்காலோடு வேலை செய்தவர்களுக்கு அது இங்கேயும் தொற்றியது. மலத்தோடு வெளியேறும் முட்டை மண்ணில் பொரிக்கும். புழுக்குஞ்சு கால் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தில் மிதந்து நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். 1916-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தோட்டங்கள்தான் அதன் முக்கிய களம். மருந்து கொடுத்தார்கள், புழு போனது. மலக்கூடமும் செருப்பும் இல்லாத இடத்தில் புழு திரும்பி வந்தது.

புழு மிகப் பெரியது. பாக்டீரியாவை விழுங்குகிற மாதிரி ஒரு நியூட்ரோபில் அதை விழுங்க முடியாது. அங்கேதான் இயோசினோபில் வருகிறது. புழுவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு தன் மணிகளிலிருக்கும் நச்சுப் புரதங்களை அதன் மேல் கொட்டுகிறது. அதனால் புழு உள்ளவர்களின் ரிப்போட்டில் இயோசினோபில் எண் ஏறும். ஒரு மைக்ரோலீட்டரில் 500-ஐத் தாண்டினால் கூடுதல் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த எண் இன்னொன்றும் சொல்கிறது: எத்தனை குடும்பத்துக்கு ஒரு மலக்கூடம், எத்தனை பேர் செருப்பில்லாமல் மலைக்குப் போகிறார்கள் என்று.

காவலுக்கு வந்தவன் வீட்டை உடைப்பது இங்கேயும் உண்டு. 1940-இல் ஆந்திராவின் மதனப்பள்ளிக் காசநோய்ச் சானடோரியத்தில் ஃப்ரிமோட்-மொல்லர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு விசயத்தைக் கவனித்தார்கள். இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் இருக்கிறது, ஆனால் அது காசநோய் இல்லை. இரத்தத்தில் இயோசினோபில் மட்டும் தாறுமாறாக ஏறியிருக்கிறது. 1943-இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் அதற்கு வெப்பமண்டல இயோசினோபீலியா என்று பேர் வைத்தார். யானைக்கால் புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக உடம்பு காட்டுகிற அளவு மீறிய எதிர்ப்பு அது என்பது பிறகு தெரிந்தது. தமிழ்நாட்டில் இன்றும் நாட்பட்ட இருமலை "ஈஸ்னோபீலியா" என்று ஆட்கள் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது.

புழு ஒழிந்தால் அலர்ஜி கூடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கபோனில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து புழு மருந்து கொடுத்தபோது தூசிச் சிற்றுண்ணிக்கான தோல் அலர்ஜி கூடியதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. புழு தான் பிழைக்க உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கிறது, அது போனதும் அடக்கம் போகிறது. அதற்காகப் புழுவை வைத்துக்கொள்ள முடியாது. இரத்தச்சோகையோடு பிள்ளை பெறுகிற அக்காமாரைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பூச்சி மருந்தைத் தவறாமல் கொடுங்கள்.

எல்லாத் தடிப்பும் ஒன்றில்லை

எங்கள் பக்கத்தில் "அலர்ஜி" என்ற சொல்லுக்குள் பலதையும் போட்டுவிடுகிறோம். இரண்டு இலங்கைக் கண்டுபிடிப்புகளை இங்கே சொல்ல வேண்டும். இரண்டிலும் இருப்பவர் நெஞ்சு நோய் மருத்துவர் சி.ஜி. உறகொட.

ஸ்டோரில் தேயிலையைச் சலித்துப் பிரிக்கிற இடத்தில் மென்மையான பஞ்சுத் தூசி பறக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வருகிற இளைப்பை 'தேயிலை தயாரிப்பவரின் ஆஸ்துமா' என்று 1970-இல் மருத்துவ உலகுக்கு எழுதியவர் அவர். "பரம்பரை இளைப்பு" என்று சொல்லிவிட்டுப் போகிற பலருக்கு வேலையிடமே காரணமாக இருக்கலாம். லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடுகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று மீன். கடலிலிருந்து மலை ஏறி வருவதற்குள் ஐஸ் கரைந்த சூரை இன மீனில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது போகாது. அதைச் சாப்பிட்டு முகம் சிவந்து தடித்தால் அது அலர்ஜி இல்லை. பேசோபிலோ மாஸ்ட் செல்லோ ஒன்றும் செய்யவில்லை, ஹிஸ்டமின் வெளியிலிருந்தே வந்துவிட்டது. காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இது மோசமாக வருகிறது என்று 1970-களில் உறகொடவும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். ஹிஸ்டமினைச் சிதைக்கிற நொதியை அந்த மாத்திரை தடுக்கிறது. எங்கள் பக்கத்தில் காசநோய் மருந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தை நிறுத்தக் கூடாது, அந்த மீனைத்தான் நிறுத்த வேண்டும்.

குளவிக் கொட்டிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று பெரியம்மாவுக்கு வந்தது. ஒரு கொட்டே போதும், நிமிடக் கணக்கில் வரும். மற்றது பெருங்கூட்டம் கொட்டி, நஞ்சின் அளவாலேயே வருவது. அதற்கு முன் அனுபவம் தேவையில்லை. தசையும் சிவப்பணுக்களும் சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம், ஒரு நாள் இரண்டு நாள் கழித்தும் வரலாம். நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே சொல்ல வேண்டும்.

பதினைந்து நிமிடம்

இங்கிலாந்தில் அனபிலாக்சிஸால் இறந்தவர்களின் பதிவுகளை ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார். உணவால் வந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நிற்க ஏறத்தாழ 30 நிமிடம். பூச்சிக் கொட்டால் வந்தவர்களுக்கு 15 நிமிடம். நடுவில் நிற்கிற எண் அது. பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு.

இப்போது எங்கள் மலையை நினைத்துப் பாருங்கள். நமுனுகுல உச்சி 2,036 மீட்டர். கொழுந்து மலைகள் அதன் சரிவுகளில். மேல் மலையிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வரவே பதினைந்து நிமிடம் பற்றாது. பிறகு வாகனம். பிறகு பசறைக்கோ பதுளைக்கோ வளைந்து வளைந்து இறங்குகிற பாதை. பேசோபிலும் மாஸ்ட் செல்லும் நிமிடக் கணக்கில் வேலை செய்கின்றன, எங்கள் ரோடு மணிக் கணக்கில்.

இந்த இடைவெளியை அடைக்கிற மருந்து ஒன்றுதான். அட்ரினலின். விரிந்த இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கிறது, கலங்கள் மேலும் மணிகளைக் கொட்டுவதையும் குறைக்கிறது. பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொரு தடவை. பிள்ளைகளுக்கு அளவு குறைவு. பயிற்சி உள்ள ஒருவர்தான் போட வேண்டும். பிரிட்டன் மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். சரிந்த இரத்த அழுத்தத்தை அது தூக்காது, அடைத்த தொண்டையைத் திறக்காது. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய மணிக்கணக்காகும்.

மலையில் நிற்கிறவர்கள் செய்யக்கூடியது: கூட்டம் கொட்டுகிற இடத்திலிருந்து விலகி வாருங்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும். எப்படியாவது உடனே எடுங்கள், எப்படி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். கண் இருட்டுகிறது என்றால் படுக்க வையுங்கள், காலைத் தூக்கி வையுங்கள். "எழும்பி நட பாப்பம்" என்று எழுப்பாதீர்கள். திடீரென எழுந்து நின்ற நொடியில் இறந்தவர்களையும் பம்ஃப்ரி பதிவு செய்திருக்கிறார். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம். 1990-க்குப் போன் போடுங்கள். "குளவி கொட்டினது" என்று மட்டும் சொல்லாமல் "மயங்குகிறார், மூச்சு முட்டுகிறது" என்று சொல்லுங்கள். ஒரு தடவை இப்படி வந்தவர் அடுத்த தடவையும் வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவரை மேல் மலைக்கு அனுப்ப வேண்டாம் என்று கங்காணியிடம் கேட்பது சலுகை இல்லை.

கேட்க வேண்டியவை நான்குதான் என்று நாங்கள் நினைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு தோட்டத்து மருந்துச்சாலையிலும் காலாவதியாகாத அட்ரினலினும், அதைப் போடத் தெரிந்தவரும். இரண்டு, வேலை தொடங்கும் முன் மலையைச் சுற்றிப் பார்த்துக் கூடுகளை அடையாளம் வைப்பது. மூன்று, மேல் மலையில் வேலை நடக்கிற நாளில் ஒரு வாகனம் எட்டும் தூரத்தில். நான்கு, கொட்டு வாங்கிய நாளுக்கும் வைத்தியசாலையில் கிடந்த நாட்களுக்கும் முழுப் பேர். அட்ரினலின் புதிய மருந்து இல்லை, 1901 முதல் தெரிந்தது. விலை கூடிய மருந்தும் இல்லை.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் எங்களுக்குத் தெரிந்த மாதிரி சொன்னோம். ஒரு அணு, நூற்றில் ஒன்றுகூட இல்லை, அது போன வருசத்துக் கொட்டை ஞாபகம் வைத்திருந்தது என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அந்த ஊசிய மலைக்கே கொண்டாரச் சொல்லுங்க. ஞாபகம் வச்சிருக்கது அவ்வளவு வேகமா வருதுன்னா, மருந்தும் அவ்வளவு வேகமா வரணும்ல."